இரண்டு தடவை கூப்பிட்டாள்

என் தங்கைக்கு வீட்டில் முணுமுணு என்று பெயர். சின்ன வயதிலிருந்தே அவள் குரல் அடுத்த அறை வரை போய்ச் சேராது. தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் எங்களிடம் கேட்கிறாளா, டம்ளரிடம் கேட்கிறாளா என்று தெரியாது. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது அவள் ‘உள்ளேன்’ சொல்வது காதில் விழாமல் ஆசிரியை ஆப்சென்ட் போட்டுவிடுவார். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஆப்சென்ட். அம்மா சண்டை போடப் போன இடத்தில், “என்ன பண்றது டீச்சர், வாய் மொத்தமும் மூத்தவளுக்கே போயிடுச்சு” என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவள்தான் இன்று விமானம் ஓட்டுகிறாள். இரண்டு பக்கமும் காற்றாடி வைத்த, சின்ன ஊர்களுக்குப் போய்வரும் விமானம். அதில் முன்னால் வலது பக்க இருக்கை அவளுடையது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. ஜன்னல் அளவு கொடுக்க வருகிற யாரும் என் தங்கையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் கடைப்படி இறங்க முடியாது. “முதல்ல அளவ எழுதும்மா. அதுக்குள்ள தங்கச்சி தரையிறங்கிட மாட்டா” என்பார் முதலாளி.

பெருமையெல்லாம் வெளியே சொல்வதற்கு. உள்ளே எனக்குப் பயம்தான். அவள் முதன்முதலாகச் சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோளில் கோடு போட்ட பட்டை நேராக இருக்கிறதா என்று நான் நாலைந்து தடவை இழுத்துப் பார்த்ததைக் கவனித்துவிட்டாள். அன்றுதான் என்னை உட்கார வைத்து விளக்கினாள்.

“ரெண்டு பேர் உக்காந்திருப்போம்க்கா. ஒருத்தர் ஓட்டுவார். இன்னொருத்தர் பாத்துக்கிட்டே இருப்பார். பாக்குறவர் வேலை, கண்ணுல படுறத வாய் விட்டுச் சொல்றது. வேகம் கொறஞ்சா ‘ஸ்பீட்’னு சொல்லணும். ஓட்டுறவர் அதுக்குப் பதில் சொல்லணும்.”

“சொல்லலேன்னா?”

“இன்னொரு தடவ சொல்லணும். அதுக்கும் பதில் வரலேன்னா அவர் அங்க இல்லேன்னு அர்த்தம். ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’னு சொல்லிட்டு நாம எடுத்துக்கணும்.”

“அங்க இல்லாம எங்கடி போவாரு? ஜன்னல் வழியா எறங்கியா?”

அவள் சிரிக்கவில்லை. “உக்காந்த இடத்துலயே இல்லாமப் போகலாம்க்கா. கண்ணு திறந்திருக்கும். கை வச்ச இடத்துலயே இருக்கும். ஆனா ஆள் இருக்க மாட்டார்.”

இதையெல்லாம் வாய் விட்டுச் சொல்ல வேண்டும் என்கிறாள். இவள் வாய் விட்டுச் சொன்னால் யார் காதில் விழும்?

அது அவளுக்கும் தெரிந்திருந்தது. பயிற்சிக் காலத்தில் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்திப் பழகினாள். பக்கத்து வீட்டம்மா வந்து, “மாப்பிள்ள வந்திருக்காரா, சண்டை மாதிரி கேக்குது” என்று விசாரித்தாள். எங்கள் வீட்டில் முணுமுணுவின் குரல் சுவரைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

வேலை கிடைத்ததும், எந்த ஊரிலிருந்து பறக்க விருப்பம் என்று கேட்டார்கள். அதைத் தளம் என்பார்கள். விருப்பம் எல்லாரும் எழுதலாம். கொடுப்பது மட்டும் சேர்ந்த வரிசைப்படி. பேருந்தில் கடைசியாக ஏறியவளுக்கு எந்த இடம் மிஞ்சுமோ அதுதான் இவளுக்கும். எங்கள் ஊரை முதலிலும் ஒரு மலை ஊரைக் கடைசியிலும் எழுதினாள். மலை ஊர் வந்தது. அங்கே ஓடுபாதையின் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி வந்து தெருவில் நடக்கும்.

அங்கும் அவளுக்கு நிலையான பறப்பு கிடையாது. காத்திருப்பு. யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாருடைய வண்டியாவது வழியில் நின்றால், அந்த இடத்துக்கு இவளைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அறையிலேயே கிடக்க வேண்டும்.

அவள் இருந்த வீடு விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சரிவுத் தெருவில் இருந்தது. ஒரு கூடம், ஓர் அறை, அடுக்குக் கட்டில்கள். பறக்கிறவர்கள் வருவார்கள், தூங்குவார்கள், போவார்கள். நிரந்தரமாக இருந்தவர்கள் முணுமுணுவும் வேறு கம்பெனியில் பணிப்பெண்ணாக இருந்த ஒருத்தியும்தான். குப்பை கொட்டப் போனால்கூட அந்தப் பணிப்பெண் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டுதான் போவாள். அதனால் அவளுக்கு லிப்ஸ்டிக் என்று பெயர். அந்த வீட்டில் ஒருவர் ஃபோன் சத்தம் இன்னொருவருடையது மாதிரி இருக்கக் கூடாது என்று சட்டம். முணுமுணுவுடையது சைக்கிள் மணி. கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பும் பிரிவின் எண்ணை அவள் ‘மாமியார்’ என்று பதிந்து வைத்திருந்தாள்.

“ஏன்டி இப்படி?”

“முதல் மணியிலயே எடுக்கணும். எதுத்துப் பேசக் கூடாது. ‘இதோ வரேன்’ மட்டும்தான் சொல்லணும். வேற என்னக்கா பேர் வைக்கிறது?”

குளிக்கும்போதும் அந்த ஃபோன் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். சீருடை, போட்டுக்கொள்ளும் வரிசையில் கதவில் தொங்கும். பெட்டி வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கும். அந்த வீட்டில் யாரும் முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் நாற்காலி நுனியில்தான்.

சம்பவம் நடந்த அன்று அவள் ஃபோனில் சொன்னது ஒன்றே ஒன்று. “அக்கா, வர்றியா?”

என்ன, ஏது என்று கேட்டால் வைத்துவிடுவாள். கடையில் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்தேன். மலையேறும் வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு கெட்டது தோன்றியது. போய்ச் சேர்ந்தபோது கட்டிலின் கீழ் அடுக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

லிப்ஸ்டிக் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சாப்பிட மாட்டேங்கிறாக்கா. நான் சமைச்சதாலயோன்னு பாத்தேன். இல்ல, கடைச் சாப்பாட்டையும் தொடல.”

பிறகு முணுமுணு சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அந்தத் தளத்தில் ஒரு மூத்த கேப்டன் இருந்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அங்கே எல்லாரும் அவரை மௌனசாமி என்பார்கள். பேச்சு குறைவு. நல்ல மனிதர், யாரையும் கடிந்து சொல்லாதவர். கூட உட்கார்ந்து பறக்கிறவர்கள் ஏதாவது சொன்னால் சில சமயம் பதில் வரும், சில சமயம் வராது. ‘அவருக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பேசாம இருக்கார்’ என்று அந்தத் தளத்தில் பழகிப்போயிருந்தது. வழக்கமாக அவரோடு பறக்கும் பையனுக்கு அன்றைக்குப் பல் வலி. சைக்கிள் மணி அடித்தது. முணுமுணு போனாள்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது அவர் ஓட்டினார், இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும் நேரம். மேகம் விலகி ஓடுபாதை தெரிந்தது. அவர் இன்ஜின் விசைக் கம்பியைப் பின்னால் இழுத்துக் குறைத்தார். குறைத்த கை குறைத்த இடத்திலேயே நின்றது. வேகம் இறங்கிக்கொண்டே போனது.

“‘ஸ்பீட்’னு சொன்னேன்க்கா. பதில் இல்ல. அவர்தான் பேச மாட்டாரேன்னு ஒரு நொடி சும்மா இருந்தேன். வேகம் இன்னும் இறங்குது. மறுபடியும் ‘ஸ்பீட்’னு சொன்னேன். அவர் நேரா பாத்துக்கிட்டே இருக்கார். ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’னுட்டு அவர் கை மேலயே என் கைய வச்சுத் தள்ளினேன்.” அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “அந்தக் கை இழுக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. தள்ளின பக்கம் போச்சுக்கா. துணி மாதிரி.”

நான் துணியோடு வேலை செய்கிறவள். தள்ளின பக்கம் துணி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இறங்காமல் விமானத்தின் மூக்கைத் தூக்கி மறுபடி மேலே ஏற்றிவிட்டாள். பின்னால் பயணிகள் அலறியது கதவு வழியாகக் கேட்டதாம். பாதி ஏறும்போது பக்கத்திலிருந்து நல்ல குரலில், “என்ன பண்ற நீ? ஐ ஹேவ் கண்ட்ரோல்” என்று வந்தது. அவர் கை சுக்கானைப் பிடித்தது. இவள் விட்டுவிட்டாள். அவரே சுற்றி வந்து, பூப்போல இறக்கினார்.

“விட்டிருக்கக் கூடாதுக்கா. ஒரு தடவ எடுத்தா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னுதான் விதி. அவர் கேட்டதும் குடுத்துட்டேன்.”

“பெரியவர் கேட்டா குடுக்காம என்ன பண்ணுவ?”

“அதான் தப்பு.”

விமானத்தில் பேச்சைப் பதியும் பெட்டி உண்டு. கொஞ்ச நேரப் பேச்சுதான் அதில் நிற்கும். புதிது ஏறினால் பழையது அழியும். அன்று மாலை வரை அந்த விமானம் பறந்துகொண்டிருந்தது. இவள் கம்பெனியில் போய் நடந்ததைச் சொன்னபோது பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. மௌனசாமியைக் கேட்டார்கள். ‘வேகம் குறைந்தது உண்மை, நான் சரிசெய்யப் போனேன். இந்தப் பெண் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உடனே கையை வைத்துவிட்டது’ என்றார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் கேப்டனிடமிருந்து பிடுங்குவது பெரிய குற்றம். இவளோ சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவள். காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். விசாரணை முடியும்வரை பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மட்டும் பறந்துகொண்டிருந்தார்.

மாமியார் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அடிக்கும் ஃபோனுக்குப் பயப்படுவது ஒரு விதம் என்றால் அடிக்காத ஃபோனுக்குப் பயப்படுவது அதைவிட மோசம். முணுமுணு அப்போதும் அதைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டுதான் போனாள். நான் சீருடையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. தினமும் தூசி தட்டினேன். சட்டையில் ஒரு பொத்தான் லேசாக ஆடியது. அதைப் பிரித்து மறுபடி தைத்தேன். அடுத்த நாள் மற்ற எல்லாப் பொத்தான்களையும் பிரித்துத் தைத்தேன். சும்மா இருந்தால் அந்தத் துணி மாதிரிக் கை என் கண் முன்னால் வந்தது.

அதைவிடப் பெரிய பயம் மெல்ல மெல்ல வந்தது. ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வந்து குழாயைத் திறந்துவிட்டாள், மின்விசிறியை வேகமாக வைத்தாள், கூடத்தின் மறு கோடியில் போய்த் திரும்பி நின்றாள். பிறகு வந்து, “கேட்டுச்சா?” என்றாள்.

“என்னது?”

அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. “மறுபடி சொல்லு” என்றேன். போய்ச் சொன்னாள். இந்த முறை கேட்டது. ‘ஸ்பீட்.’ தெளிவாகக் கேட்டது. ஆனால் இந்த முறை நான் கேட்பதற்காகவே நின்றிருந்தேன்.

“அக்கா, ரெண்டாவது தடவ நான் நிஜமா வெளியில சொன்னேனா? இல்ல மனசுக்குள்ள சொன்னேனா?”

சொன்னாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதில் தண்ணீர் கேட்டுக் கேட்டு, கிடைக்காமல், தானே எழுந்துபோய்க் குடிப்பாள். கேட்டேன் என்பாள் அவள். கேட்கவே இல்லை என்போம் நாங்கள். இப்போதும் அப்படித்தான் ஆகியிருக்குமோ? அப்படியானால் நல்லா இருந்த மனிதர் கையிலிருந்து இவள்தான் பிடுங்கினாளோ? நான் பெருமையடித்துக்கொண்ட பிள்ளை, பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் சும்மா அலற வைத்ததோ?

விசாரணைக்கு முந்தின நாள், வெயில் இருக்கும்போதே, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சரிவில் நிறுத்துவதால் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஒருவர் படியேறினார். காதோரம் நரை, இஸ்திரி கலையாத சட்டை, தோளில் நான்கு கோடு. நான் கதவைத் திறந்ததும், “அக்காவா? முகச் சாடை இருக்கு” என்றார். குரல் நிதானமாக இருந்தது. மௌனசாமி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. மதியம் அவருக்குப் பறப்பு இருந்தது. போகிற வழியில் வந்திருந்தார்.

முணுமுணு எழுந்து நின்றாள். அவர் உட்காரச் சொல்லியும் கொஞ்சம் கழித்துத்தான் உட்கார்ந்தாள். கார் சாவியை மேசை மேல் வைத்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். லிப்ஸ்டிக் உள் அறையில் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா” என்றார். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. புதுசுல எல்லாருக்கும் பதட்டம் வரும். எனக்கும் வந்திருக்கு.”

“நான் ரெண்டு தடவ சொன்னேன் கேப்டன்.”

“ஒரு தடவதாம்மா. நல்லாக் கேட்டுச்சு. ‘சரி’ன்னு சொல்ல வாயெடுக்குறேன், அதுக்குள்ள உன் கை வந்துடுச்சு.” அவர் சத்தியமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. பொய்யை நான் கண்டுபிடித்துவிடுவேன். இவர் கண்ணில் அது இல்லை. “நாளைக்கு உள்ள போய் ரெண்டு தடவன்னு நீ சொல்லுவ, ஒரு தடவன்னு நான் சொல்லுவேன். ரெண்டுல ஒருத்தர் பொய்னு ஆகும். யாரை வெளியில அனுப்புவாங்கன்னு உனக்கே தெரியும். அது எனக்கு வேணாம்.”

“என்ன பண்ணணும் சார்?” என்று கேட்டது நான்தான்.

“பதட்டத்துல ஒரு தடவ சொல்லிட்டு எடுத்துட்டேன்னு சொல்லட்டும். நான் அவளுக்காகப் பேசுறேன். கொஞ்ச நாள் மறுபடி பயிற்சி குடுப்பாங்க. வேலை போகாது.”

முணுமுணு என்னைப் பார்த்தாள். ஒத்துக்கொள் என்று கண்ணால் சொன்னேன். அவளுக்கே சந்தேகம், எனக்கும் சந்தேகம், இவருக்கோ சந்தேகமே இல்லை. வேலை பிழைத்தால் போதும் என்று இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இன்னும் ஒரு நொடியில் சரி என்று சொல்லிவிடுவாள். அந்தத் தோள் தளர்வது எனக்குத் தெரியும்.

“சொன்னாப் போதும்மா” என்றார் அவர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு. “பயிற்சி முடிஞ்சதும் உன்னை மறுபடியும்...”

நின்றுவிட்டார்.

யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ சவைப்பது போல லேசாக அசைந்தது. இடது கை விரல்கள் கால்சட்டை மடிப்பைக் கிள்ளிக் கிள்ளி விட்டன. கையில் இருந்த டம்ளர் மெல்லச் சாயத் தொடங்கியது.

“கேப்டன்” என்றாள் முணுமுணு.

பதில் இல்லை. டீ விளிம்புக்கு வந்துவிட்டது.

“கேப்டன்.”

நான் எழுந்து அவர் கையிலிருந்து டம்ளரை எடுத்தேன். விரல்கள் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. எடுத்த பக்கம் வந்தன. அப்போதுதான் அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்த அறையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், அந்த அறையில் அவர் இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விட மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

“...பறக்க விட்டுடுவாங்க” என்றார். அதே குரல், அதே நிதானம், விட்ட இடத்திலிருந்து. சொல்லிவிட்டுக் கையை வாய்க்குக் கொண்டுபோனார். டம்ளர் பிடித்த மாதிரியே வளைந்த வெறும் விரல்கள் உதட்டைத் தொட்டன.

அவர் தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

“இத எப்ப வாங்கினீங்க?”

“இப்பத்தான் சார். நீங்க பேச்ச நிறுத்தினப்போ.”

“நான் எங்க நிறுத்தினேன்?”

“அவ உங்கள ரெண்டு தடவ கூப்பிட்டா சார்” என்றேன்.

அவர் முகத்தில் நிறம் இறங்குவதைப் பார்த்தேன். சட்டென்று எழுந்தார். “காலையில சாப்பிடல. லேசா அசந்துட்டேன் போல. நேரமாச்சு, நான் கிளம்புறேன்.” கை மேசைக்குப் போனது. மேசையில் சாவி இல்லை.

அது முணுமுணுவின் மூடிய கைக்குள் இருந்தது.

“சாவியக் குடும்மா.”

“தர மாட்டேன் கேப்டன்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. ஃப்ளைட் இருக்கு. குடு.”

“அன்னைக்கும் இப்படித்தான் கேட்டீங்க. திருப்பிக் குடுத்துட்டேன். இன்னைக்குத் தர மாட்டேன்.”

உள் அறைக் கதவு திறந்தது. லிப்ஸ்டிக் சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்தாள். “யாருக்கா சத்தம் போட்டது?” என்று என்னைக் கேட்டாள். எத்தனையோ நாள் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். பிடுங்க வருவாரோ என்று நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவர் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார், அது அங்கே இருக்கிறதா என்று நம்பாதவர் போல.

“வீட்ல சொல்லுவாங்க” என்றார். “பேசிக்கிட்டிருக்கும்போதே எங்க போறீங்கன்னு. நான் காது குடுக்கல.” பிறகு, “அன்னைக்கு ஃபுல் லோடு, இல்ல?”

“ஆமா கேப்டன்.”

“எத்தன நாளா இப்படியோ. கூட உக்காந்தவன் எவனும் ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க அப்படித்தான்னு நினைச்சோம் கேப்டன். முதல் தடவ நானும் அப்படித்தான் நினைச்சேன்.”

அவர் ஃபோனை எடுத்தார். எண் தவறிப்போய் மறுபடி அழுத்தினார். “நான்தான். என்னை இன்னைக்கு எடுத்துடுங்க... இல்ல, காய்ச்சல் இல்ல... நாளைக்கும் வேணாம். டாக்டர் பாத்துட்டுச் சொல்றேன்.” வைத்துவிட்டுச் சட்டைத் தோளில் இருந்த பட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு சந்தோஷம் எனக்குள் எழப் பார்த்தது. அதை எழ விடவில்லை. பிழைத்தது என் தங்கையின் வேலை, போனது இவருடையது.

விசாரணையில் அவரே எல்லாம் சொன்னார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதெல்லாம் மறுநாள். அந்த மதியம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சக்கரத்துக்கு வைத்த கல்லை நான் எடுத்தேன். முணுமுணு ஓட்டினாள். அவர் அவளுக்கு இடது பக்கம் முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால்.

ஆஸ்பத்திரி கீழே இருந்தது. வழியெல்லாம் இறக்கம், வளைவு. மேகம் அதற்குள் சாலைக்கு வந்துவிட்டது. வண்டியின் விளக்கு எட்டும் தூரம் மட்டும்தான் ரோடு. பள்ளத்துப் பக்கம் வெள்ளையாக இருந்தது, அவ்வளவே. அவர் பின்மண்டையை மட்டும்தான் என்னால் பார்க்க முடிந்தது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று பின்மண்டையைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒரு கணம் அந்தக் கை எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது.

முணுமுணு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “கேப்டன்” என்றாள்.

“இருக்கேன்.”

இரண்டு வளைவு தாண்டியது.

“கேப்டன்.”

“இருக்கேம்மா.”

அப்படியே இறங்கினோம். கடைசி வளைவில் எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து வந்தது. முணுமுணு ஓரம் ஒதுக்கினாள்.

“கேப்டன்” என்றாள்.

பதில் இல்லை. நான் முன்னிருக்கையின் முதுகை இறுக்கிப் பிடித்தேன். லாரி எங்களைத் தாண்டிப் போனது.

“கேப்டன்.”

அவள் குரல் வண்டி முழுக்க நிறைந்தது. என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, அவரைப் பார்க்கவும் முடியவில்லை. அவர் மடியில் இருந்த பட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை மெல்ல வந்து அவற்றை எடுத்து, சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டது.

“ரெண்டும் கேட்டுச்சும்மா” என்றார்.